பொம்மையின் மேல் இரண்டு எழுத்து!

கரடிப் பொம்மைக்குக் கண்ணாக ஒரு சிறு பொத்தான். அது கழன்று விழுந்தால் குழந்தை என்ன செய்யும்? எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். தொண்டையில் சிக்கினால் மூச்சே நின்றுவிடும்!

இந்த ஆபத்தைத் தடுக்க ஐரோப்பாவில் கடுமையான சட்டம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. ஒரு நாட்டில் விற்கும் பொம்மை மற்ற நாடுகளுக்கும் தடையின்றிப் போகும். ஆகவே, எல்லா நாடுகளுக்கும் பொதுவாக 1988-ம் ஆண்டில் பொம்மைச் சட்டம் செய்தார்கள். 2009-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள்.

சின்னக் குழாய்

சோதனைக்கு ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மையை இழுத்தும், முறுக்கியும், கீழே போட்டும் பார்ப்பார்கள். கழன்று வரும் துண்டு அந்தக் குழாய்க்குள் முழுவதும் அடங்கிவிட்டால், அந்தப் பொம்மையை விற்கக் கூடாது!

யார் போடும் முத்திரை?

தேறிய பொம்மையில் 'சி.இ.' என்ற இரண்டு எழுத்து இருக்கும். இது அரசாங்கம் போடும் முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொம்மை செய்தவரே போடுவது அது. "சட்டப்படி செய்திருக்கிறேன்" என்று அவர் கொடுக்கும் வாக்கு.

வாக்குத் தவறுகிறவர்களும் உண்டு அல்லவா? அதற்காகத்தான் அதிகாரிகள் கடைகளிலும் துறைமுகங்களிலும் பொருள்களை எடுத்துச் சோதிக்கிறார்கள். குற்றம் தெரிந்தால் விற்பனை நிற்கும். விற்ற பொம்மைகளையும் திரும்பப் பெற வேண்டும்.

செய்தி உடனே பறக்கும். 27 நாடுகளுடன் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளுக்கும் போகும். இந்த ஏற்பாட்டின் பெயர் 'சேஃப்டி கேட்'. அதாவது, பாதுகாப்பு வாசல். ஆபத்தான பொருளின் படமும் விவரமும் இன்டர்நெட்டில் வெளியாகும். யாரும் பார்க்கலாம்.

வாங்கியவர் பணம்

13-12-2024 முதல் புதிய பொதுச் சட்டம் ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்டர்நெட் கடையில் ஆபத்தான பொருள் இருந்தால், அதிகாரியின் உத்தரவு கிடைத்த 2 வேலை நாட்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும். திரும்பப் பெறும் பொருளுக்குப் பழுது பார்த்துக் கொடுப்பது, வேறு பொருள் கொடுப்பது, பணத்தைத் திருப்பித் தருவது ஆகிய மூன்றில் இரண்டையாவது முன்வைக்க வேண்டும். எது வேண்டும் என்பதை வாங்கியவரே சொல்லலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. வாங்கிய பொம்மையில் பொத்தான் ஆடினால், அவர்களே புகார் கொடுக்கலாம். ஒரு தாய் கொடுக்கும் புகார், முகம் தெரியாத இன்னொரு தாயின் குழந்தையைக் காப்பாற்றக்கூடும்!