சார்ஜை 80-ல் நிறுத்தச் சொல்வது ஏன்?



பேட்டரி எபிசோட் வந்ததிலிருந்து இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாதா?" பேச்சுவாக்கில் ரெண்டு நிமிஷத்தில் தாண்டிப் போயிட்டோம். விடை நானோ அளவில் இருக்கிறது, அதனால் எழுதியே சொல்லிடறேன்.

போன் பேட்டரியின் நேர்முனையில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. 1980-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழு இதன் அருமையைக் காட்டியது. 1991-ல் சோனி இப்படிப்பட்ட பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பொருளை ஒரு புத்தகம்னு நினைச்சுக்கோங்க. கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்தது தாள். தாள்களுக்கு நடுவில் எறும்பு மாதிரி லித்தியம். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு அரை நானோமீட்டர்கூட இல்லை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேறும், தாளைத் துளைத்துப் போகாது. எலக்ட்ரானுக்கும் தாள் நெடுக ஓடுவதுதான் சுலபம்.

இன்னொரு வேடிக்கை: லித்தியம் முழுசா நிரம்பியிருந்தால் இது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கொஞ்சம் லித்தியம் வெளியேறினால் போதும், கோபால்ட்டில் எலக்ட்ரான் காலியிடங்கள் உண்டாகும். உலோகம் போலக் கடத்த ஆரம்பித்துவிடும்.

மின்சாரக் கார்கள் பலவற்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்த தாள்கள். அங்கே ஒரு துகள் என்பது ஒரு புத்தகம் இல்லை, கண்டபடி அடுக்கிய புத்தகப் பெட்டி. சில பத்து நானோமீட்டர் அகல ஊசிமுனையால் தொட்டு மின்னோட்டத்தை அளக்கும் நுண்ணோக்கி இருக்கிறது. அதில் பார்த்தால் ஒரே துகளுக்குள் ஒரு இடம் நன்றாகக் கடத்தும், பக்கத்து இடம் கடத்தாது.

சிக்கல் இங்கேதான். லித்தியம் வெளியேற வெளியேற தாள்களின் இடைவெளி மாறும். நிக்கல் அதிகமுள்ள பொருளில், முழு சார்ஜை நெருங்கும்போது அது சட்டென்று சுருங்கும். ஒவ்வொரு புத்தகமும் தன் தன் திசையில் சுருங்கினால், சேரும் இடங்கள் விரிசல் விடும். உள்ளே லித்தியம் இருக்கும், ஆனால் எலக்ட்ரான் போய்ச் சேர வழி இருக்காது. பேட்டரி கிழடாவதில் ஒரு பங்கு இந்த அறுந்த பாதைகள்தான். போனிலும் அந்தக் கடைசிப் பகுதியில் அழுத்தம் கூடும், மேற்பரப்பில் வேண்டாத வேதிவினைகளும் வேகமாகும்.

அதனால் என் பதில்: வீட்டிலேயே இருக்கும் நாட்களில் 80 போதும். பயணம் என்றால் 100 வைங்க, தப்பில்லை. 100-லேயே சூட்டில் நாள்கணக்காகக் கிடப்பதுதான் கெடுதல். பழைய போனை ஊரில் அம்மாவுக்குக் கொடுக்கப் போறீங்களா? அங்கே வெயில் ஜாஸ்தி. கொடுக்கும் முன் செட்டிங்ஸில் 80 வரம்பைப் போட்டுக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!