பிளக் சொல்லும் சேதி

மோட்டார் சைக்கிளில் உள்ள சாமான்களில் விலை மலிவானவற்றுள் ஒன்று ஸ்பார்க் பிளக். சுண்டுவிரல் நீளமே உள்ள இந்தச் சிறு பொருள் கெட்டுவிட்டால், லட்ச ரூபாய் வண்டியும் நடுச் சாலையில் நின்றுவிடும். அதிலும், “இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்” என்று வீட்டு வாசலிலேயே என்ஜினைப் பிரித்துக் கைவேலை செய்த வண்டியானால், முதலில் பலியாவது பெரும்பாலும் பிளக்தான்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே கடலையொட்டிச் செல்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. நீண்ட சாலையையும் கடற்காற்றையும் கண்டால் வாலிபர்களின் கை தானாகவே ஆக்ஸிலேட்டரை முறுக்கும். வழியில் பிளக் எரிந்துபோனால் பலரும் செய்வது என்ன? புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, வந்த வேகத்திலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். ஜுரம் அடிக்கும்போது தெர்மாமீட்டரை மாற்றிவிட்டு, ஜுரம் போய்விட்டது என்று நினைப்பதைப் போன்றது இது!

வேகம் வளர்ந்த ஜில்லா

மோட்டார் சைக்கிள் மோகம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1997-இல் இரண்டாகப் பிரிக்கப்படும்வரை செங்கற்பட்டு ஜில்லா மிகப் பெரியது. 1955-இல் சென்னைக் கம்பெனி ஒன்றும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து ‘புல்லட்’ தயாரிக்கத் தொடங்கிய திருவொற்றியூர், அன்று இந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1953-இல் பிறந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திவந்த சோழவரம் பழைய விமானத் தளமும் இந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளமும், 2013-இல் புல்லட் தொழிற்சாலை எழுந்த ஒரகடமும்கூடப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஊர்களே.

உலகப் புகழ் பெற்ற கைவேலைக்காரர் ஒருவர் நியூஜிலாந்தில் இருந்தார். பெயர் பர்ட் மன்றோ. 1920-இல் செய்த ‘இண்டியன்’ மோட்டார் சைக்கிளை வருஷக்கணக்கில் தம் கொட்டகையிலேயே மாற்றி அமைத்து, 1967-இல் அமெரிக்காவின் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். உடைந்துபோன பிஸ்டன்களையும் மற்ற சாமான்களையும் அவர் தூக்கி எறியவில்லை. அலமாரியில் அடுக்கி, ‘வேக தேவனுக்குக் காணிக்கை’ என்று எழுதி வைத்தார். உடைந்த சாமானே ஆசிரியர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிளக் படும் பாடு

பிளக்கின் நுனியில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பத்தாயிரம் வோல்ட் அளவிலான மின்சாரம் அதைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. இந்த உயர் மின் அழுத்த முறையை 1902-இல் உருவாக்கியவர், ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் என்ஜினீயர் ஹோனோல்டு. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி, பிளக்கைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியது.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் 2,000 தடவை பொறி பற்றி எரிகிறது. சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளக்கை ஒவ்வொரு தடவையும் சுமார் 60 கிலோ பலம் வெளியே தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது அலுமினிய ஹெட்டில் வெட்டிய சில மரைகள்தாம்!

ஏர் பில்டரைக் கழற்றி எறிந்து, சத்தமான சைலன்ஸரை மாட்டி, கார்புரேட்டரின் ஜெட்டை மட்டும் பழையபடியே விட்டால், காற்று அதிகமாகி, பெட்ரோலின் விகிதம் குறையும். என்ஜின் தகிக்கும். ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினாலோ, பொறியை அளவுக்கு மீறி முன்கூட்டியே பறக்கவிட்டாலோ, பெட்ரோல் கலவை எரிவதற்குப் பதில் வெடிக்கும். சுத்தியால் தட்டுவதுபோல் ‘டக் டக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். பிளக் நுனி 450 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் கரி பிடிக்கும். 850 டிகிரியைத் தாண்டினால், பொறி இல்லாமலே அது கொள்ளிக்கட்டைபோல் கலவையைப் பற்ற வைக்கும். அடுத்து ஓட்டை விழுவது பிஸ்டனில்!

நிறம் பார்த்து நோய் அறிக

கழற்றிய பிளக்கை வீசி எறியாதீர்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் சுகமாயிருக்கிறது. அடுப்புக்கரிபோல் உலர்ந்த கறுப்பானால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால், நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங்கையோ வால்வையோ சோதிக்க வேண்டும். சுண்ணாம்புபோல் வெளுத்து, பொரிந்து, நுனி உருகியிருந்தால் அபாய அறிவிப்பு! காரணத்தைத் தீர்க்காமல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

அழுத்தம் கூட்டிய என்ஜினுக்குச் சில சமயம் ஒரு படி ‘குளிர்ந்த’ பிளக் தேவைப்படும். எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷ் பிளக்கின் இன்றைய எண்களில் அது தலைகீழ்.

மரை போய்விட்டால்

பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்துவிட்டால், டேப் சுற்றுவதும் பசை வைத்து ஒட்டுவதும் வீண். ஹெட்டைக் கழற்றி நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளான ‘ஹெலிகாயில்’ பொருத்துவார்கள். அப்புறம் பழைய அளவுப் பிளக்கே அதில் உட்காரும். ஹெட்டைக் கழற்றாமல் மரை வெட்டினால் அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழுந்து புது வினையைக் கொண்டுவரும். பிளக்கின் மரை நீளமும் சரியாக இருக்க வேண்டும். நீண்டால் பிஸ்டனில் இடிக்கும், குறைந்தால் உள்மரையில் கரி அடையும்.

புதுப் பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே போதும். “இன்னும் ஒரு அழுத்து” என்பதுதான் மரைக்கு எமன். என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றவும் கூடாது.

கடற்கரைக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. உப்புக் காற்றில் எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். பல மாதம் தொடாத பிளக் இறுகிப்போகும். முரட்டுத்தனமாகத் திருகினால் மரையோடு வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள். அதற்கு முன் சுற்றிலும் உள்ள மணலை ஊதித் தள்ளுங்கள். சிலிண்டருக்குள் விழும் மணல் உப்புக் காகிதமாகிவிடும்.

சட்டமும் உண்டு

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தப்படி, சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆகவே, வேகத்துக்காக மாற்றிய வண்டிக்கு உரிய இடம் பந்தயத் தளமே தவிர, பொதுச் சாலை அல்ல.

மாமல்லபுரத்துச் சிற்பிக்கு ஓர் உண்மை தெரியும்: செதுக்கி எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. இழைத்த ஹெட்டும் அப்படித்தான். வேகமாக ஓடுகையில் என்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், பறிபோவது பிளக் அல்ல, உயிர். பிளக் முதல் தடவை எரியும்போதே அது சொல்லும் சேதிக்குக் காது கொடுப்பவனே நல்ல ஓட்டி.