வீட்டினுள் வளரும் தொட்டிச் செடிகளின் சுத்தமும் பாதுகாப்பும்

வயலில் பூச்சி கண்டவுடன் பரிகாரம் தேடும் மிராசுதார்கள்கூட, கூடத்திலும் தாழ்வாரத்திலும் தொட்டிகளில் வைத்துள்ள குரோட்டன்ஸ், பெரணி முதலியவற்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அச்செடிகளில் தங்கும் பூச்சி தோட்டத்துப் பயிருக்கும் பரவக்கூடுமாதலின், அவற்றின் பராமரிப்பை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

தூசியைத் துடைத்தல்:— செடிகள் வெளிச்சத்தின் உதவியால் இலைகளிலேயே தம் உணவைத் தயாரித்துக்கொள்கின்றன. வெளியிலுள்ள செடியை மழை கழுவிவிடும். வீட்டினுள் இருப்பதற்கு அவ்வுதவி இல்லை. தூசியும் அடுப்புப் புகையும் படிந்து, இருக்கும் சொற்ப வெளிச்சத்தையும் தடுப்பதால், செடி நாளடைவில் வெளிறி நலிகிறது. ஆகையால் 15 நாட்களுக்கு ஒரு முறை, இலையைக் கீழே ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் இருபுறமும் துடைக்க வேண்டும். சிற்றிலைச் செடிகளைக் காலையில் முற்றத்திற்குக் கொண்டுசென்று பூவாளியால் நீர் தெளிக்கலாம். பளபளப்புக்காக எண்ணெயோ பாலோ தடவுதல் தவறு. அது சுவாசத் துவாரங்களை அடைத்து, மேலும் தூசி ஒட்டச் செய்யும்.

மாவுப்பூச்சி:— துடைக்கும்போதே இலைக்கணுக்களையும் அடிப்புறத்தையும் உற்றுநோக்க வேண்டும். பஞ்சுபோன்ற வெண்திட்டுக்கள் மாவுப்பூச்சியின் அடையாளம். அது சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கசிவை வெளியிடும். அதை நாடி எறும்புகள் வரும், கரும்பூசணமும் படரும். இவ்வினத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, முசுக்கொட்டை, மரவள்ளி ஆகிய பயிர்களுடன் செம்பருத்தி முதலிய அலங்காரச் செடிகளையும் தாக்கிப் பெருநஷ்டம் விளைத்தது. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று.

பூச்சி கண்ட தொட்டியை உடனே தனியே பிரித்துவைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பூச்சிகளைத் துடைத்தெடுத்தபின், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சவுக்காரக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்துச் சோதித்தல் நன்று. புதிதாக வாங்கிய செடியையும் இரண்டு வாரம் ஒதுக்கிவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கவும்.

நீர்:— மண்ணில் ஓர் அங்குலம் விரலைச் செலுத்தி, ஈரம் இல்லையெனில் மட்டுமே நீர் விடுக. அடித்தட்டில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு, டெங்கு சுரத்தைப் பரப்பும் கொசுவுக்கும் பிறப்பிடமாகும். வாரந்தோறும் தட்டைக் கவிழ்த்து, ஒட்டியுள்ள முட்டைகள் நீங்குமாறு தேய்த்துக் கழுவ வேண்டும்.

கிராம அதிகாரிகள் தங்கள் அலுவலகத் தாழ்வாரத்துத் தொட்டிகளில் இம்முறைகளை முதலில் அனுசரித்துக் காட்டுவாராயின், குடியானவர்களும் அவற்றைக் கண்டு பின்பற்றுவர்.