சென் தெனி அரச கல்லறைகளும் செப்புத்தகட்டு அச்சோவியங்களும்: ஒரு சான்று நோக்கு

பாரிசின் வட இரயில் நிலையத்தை ஒட்டி லா சப்பல் வரை தமிழர் கடைகள் நிறைந்துள்ள ஃபோபூர் சென் தெனி வீதி, பிரெஞ்சு மன்னர்களின் இறுதி ஊர்வலங்கள் சென்ற பழைய சாலையின் ஒரு பகுதியாகும். அவ்வூர்வலங்கள் சென்றடைந்த சென் தெனி மடாலயக் கோயில், இன்று பொபினியைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் உள்ளது. பொபினியில் ஏறும் டிராம் வண்டி அதன் அருகிலேயே நிற்கிறது.

1793 ஆகஸ்டில் புரட்சி அரசின் ஆணைப்படி இக்கல்லறைகள் உடைக்கப்பட்டன. அக்டோபரில் அரசர்களின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பளிங்குச் சிற்பங்கள் பலவற்றை அலெக்சாந்தர் லெனுவார் பாரிசுக்குக் கொணர்ந்து காத்தார். அவரது அருங்காட்சியகம் 1816இல் மூடப்பட்டபின் அவை மீண்டன. உலோகத்துக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை, அது உருக்கப்பட்டது. அவ்வாறு அழிந்தவற்றை அறிவதற்கு அழிவுக்கு முன் வரையப்பட்ட படங்களே வழி. அவற்றுள் தலையாயவை மடத்துத் துறவி மிஷேல் ஃபெலிபியன் 1706இல் வெளியிட்ட மடாலய வரலாற்றின் அச்சோவியங்களும், அரும்பொருள் திரட்டாளர் கெஞ்ஞியேர் தம் ஓவியரைக் கொண்டு வரைவித்த வண்ணப் படங்களும் ஆகும்.

எட்டாம் சார்ல் (இறப்பு 1498) மன்னனின் கல்லறை தக்க எடுத்துக்காட்டு. இத்தாலியச் சிற்பி குயிதோ மாட்சோனி பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் வார்த்த அதில் மன்னன் முழந்தாளிட்டு வணங்கினான். அவனது மேலங்கி நீல நிறமானது என்பதைக் கெஞ்ஞியேரின் படம் காட்டுகிறது. செப்புத்தகட்டில் உளியால் கீறி, கீறலில் மையிட்டு அழுத்தி எடுக்கும் அச்சில் நிறம் வராது. செதுக்குநர் மறந்தால் இடமும் வலமும் மாறும். ஆதலின் ஒரு படத்தை மற்றொன்றோடு ஒப்பிடாமல் பயன்கொள்ளல் ஆகாது.

தமிழகத்தில் நிலைமை நேர்மாறு. வேலூரை அடுத்த மேற்பாடியில், ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயில் பள்ளிப்படை என்பதைக் கல்வெட்டே உரைக்கிறது. கருவறையில் இருப்பது இலிங்கம். இறந்தவனின் கிடந்த உருவம் அங்கில்லை. அங்கே எழுத்து நின்றது. சென் தெனியில் உருவம் தாளில் நின்றது. எழுத்தைப் படிக்கப் பழகிய நம் ஆய்வாளர் படத்தையும் அதே ஐயத்துடன் படிப்பதில்லை என்பது ஒரு குறையே.

வலுவா மண்டபத்தின் படங்கள் இவ்வையத்தின் தேவையை உணர்த்துவன. இரண்டாம் ஹென்றி 1559இல் இறந்தபின், அரசி கத்தரீன் தெ மெதிசி கோயிலின் வடபுறத்தில் வட்ட வடிவான இம்மண்டபத்தைத் தொடங்குவித்தாள். அதன் நடுவில் நிற்கவென, பிரிமாத்திச்சோவின் வரைவிற்கேற்ப அமைந்த கல்லறைக்கு ஜெர்மன் பிலோன் சிலைகள் செய்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் மாரோ செதுக்கிய குறுக்குவெட்டுப் படத்தில் குவிமாடமும் அதன்மேல் விளக்கு மாடமும் நிறைவுற்றுத் தோன்றுகின்றன. உண்மையில் அம்மண்டபம் முற்றுப்பெறவேயில்லை. மாரோ வரைந்தது கட்டியதை அன்று, கட்ட எண்ணியதை. 1719இல் மண்டபம் இடிக்கப்பட்டது. நடுமண்டபத்திற்கென நான்கு புறமும் காணுமாறு அமைந்த அக்கல்லறை, இன்று கோயிலின் வடபுறக் கிளையில் நிற்கிறது.