எண்ணெயைக் குறைச்சாச்சு, ட்ரைகிளிசரைடு ஏன் இறங்கலை?

சர்க்கரை வந்ததும் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குவோம், எண்ணெயைக் குறைப்போம். சோறு மட்டும் அதே அளவு. ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 196, எல்.டி.எல். 110. பரவாயில்லையேன்னு தோணும். ஆனால் ட்ரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34.

இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்கு வந்து குவியும். மிஞ்சிய மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக்கும். ரெண்டும் ட்ரைகிளிசரைடாக ரத்தத்துக்குப் போகும். அது கூடினால் எச்.டி.எல். குறையும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகும். அதனால 110 என்ற எண் ஆபத்தைக் குறைத்துக் காட்டும்.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்துப் பாருங்கள்: 162. பொதுவான இலக்கு 130-க்குக் கீழே. சோற்றைக் குறைத்து, சுண்டல், காய்கறியைக் கூட்டுங்கள்.

2004-ல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், எல்.டி.எல். அதிகமில்லாத சர்க்கரை நோயாளிகளுக்கே 10 மி.கி. அட்டோர்வாஸ்டேட்டின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது. அதனால் 'எல்.டி.எல். நார்மல்தானே'ன்னு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.