பரணில் கிடக்கும் பழைய என்லார்ஜர்... பிளக்கில் சொருகும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

பிலிம் கேமரா மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது. பிலிமை டெவலப் செய்வதோடு நிற்காமல், வீட்டுக் குளியலறையையே டார்க்ரூமாக்கி கருப்பு வெள்ளைப் படங்களை பிரின்ட் போட்டுப் பார்க்கும் ஆசையும் சிலருக்கு வந்திருக்கிறது. அதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது என்லார்ஜர். நெகட்டிவ் வழியாக ஒளியைப் பாய்ச்சி, கீழே இருக்கும் போட்டோ பேப்பரில் படத்தைப் பெரிதாக விழவைக்கும் கருவி இது. புதிதாக வாங்குவது கடினம். அதனால் பழைய ஸ்டூடியோக்களில் விசாரிப்பதுதான் எளிய வழி.

மரச்சிற்பங்களுக்குப் பேர்போன சேலம் மாவட்டம் தம்மம்பட்டி மாதிரியான ஊர்களில், ஒரு காலத்தில் ஸ்டூடியோ என்றாலே பின்பக்கம் ஒரு இருட்டறை உண்டு. ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிம்கள் புழங்கிய காலம் அது. டிஜிட்டல் வந்ததும் இருட்டறை குடோனானது, என்லார்ஜர் பரணுக்குப் போனது. இப்போது இறக்கித் தூசி தட்டி பிளக்கில் சொருகினால் பல்ப் எரியலாம். ஆனால், வேலை செய்வது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

டார்க்ரூமில் அப்படி என்ன ஆபத்து?

இருட்டு, ஈரம், இரும்பு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதுதான். டெவலப்பர், பிக்ஸர் எல்லாமே உப்புகள் கரைந்த நீர். சாதாரண தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். அந்த ஈரக் கையோடுதான் என்லார்ஜரின் உலோக உடலைத் தொட்டு போகஸ் செய்யணும். காலுக்குக் கீழே ஈரத் தரை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உடல் வழியாகப் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் தசைகள் இறுகலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியரில் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

‘எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகிடுமே?’

ஆகாது. லைட் லைனில் இருக்கும் எம்சிபி வழக்கமாக 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். நம் உடலில் 230 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எம்சிபியும் பியூஸும் ஒயர் எரியாமல் காப்பதற்கானவை.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் லைனைத் துண்டித்துவிடும். ஆனால், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் இதுவும் காப்பாற்றாது.

எர்த் ஏன் கட்டாயம்?

பழைய கருவிகள் பலவற்றில் இருப்பது டூ பின் பிளக்தான். உள்ளே பேஸ் ஒயர் நைந்து உலோக உடலில் பட்டாலும் வெளியே தெரியாது. பல்ப் எப்போதும்போல எரியும். எர்த் இருந்தால் பழுதான அந்த நொடியே மின்சாரம் எர்த்துக்குப் பாய்ந்து ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். எர்த் இல்லையென்றால், யாராவது தொட்ட பிறகுதான் ட்ரிப் ஆகும். அதனால் இரண்டும் வேண்டும்.

ஐரோப்பிய என்லார்ஜர்களில் இன்னொரு சிக்கல். அவற்றின் வட்ட பிளக்கில் எர்த், பக்கவாட்டில் இருக்கும் உலோகப் பட்டையில் வரும். நம் ஊர் சாக்கெட்டில் இரண்டு பின்னும் சொருகிக்கொள்ளும், எர்த் மட்டும் சேராது.

ஒயர் கலரை நம்பலாமா?

கூடவே கூடாது. நம் ஊரில் சிவப்பு என்றால் பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் 1960-களின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் சிவப்பு ஒயர்தான் எர்த். அந்தக் காலத்து ஜெர்மன் கருவியில் சிவப்பை பேஸ் என்று நினைத்து இணைத்தால், உலோக உடல் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளக் மாட்டணும்.

அமெரிக்கக் கருவி என்றால் 120 வோல்ட்டாக இருக்கலாம். நேரடியாகச் சொருகக் கூடாது.

அப்போ என்ன பண்ணலாம்?

• முதல் வேலை, ஒயரை மாற்றுவது. துணி சுற்றிய ஒயர், வெடித்த ரப்பர் ஒயர் இருந்தால் யோசிக்காமல் தூக்கிவிடுங்கள். பல்ப் சூட்டில் ஹோல்டர் பக்கத்து ஒயர்தான் முதலில் நொறுங்கும். அங்கே சூடு தாங்கும் ஒயர் போடணும்.

• உலோக உடலில் எர்த் ஒயரை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, த்ரீ பின் பிளக் மாட்டச் சொல்லுங்கள். சுவரில் இருக்கும் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்றும் பார்க்கணும்.

• எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் டெஸ்ட் கேளுங்கள். இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பயன்படுத்தாதீர்கள். டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதாது.

• இருட்டறைக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். இன்வெர்ட்டர் லைனும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

• என்லார்ஜரும் டைமரும் ஒரு பக்கம், கெமிக்கல் ட்ரேக்கள் மறுபக்கம். நடுவில் ஒரு துண்டு. கையைத் துடைக்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடவே கூடாது.

• பல்ப் மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றணும். டூ பின் பிளக்கைத் திருப்பிச் சொருகியிருந்தால், ஸ்விட்ச் ஆப்பில் இருந்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும்.

• பழைய ஸ்டூடியோ பிளாஷ்களைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

முதலில் மெயின் ஸ்விட்சை ஆப் செய்யுங்கள். அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்திக்கொண்டே இருக்கணும்.

வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வர முடிந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதனால் டார்க்ரூமுக்குள் தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளிச்சம் வராமலிருக்கக் கதவுக்கு உள்பக்கம் கனமான கருப்புத் திரை போதும். வெளியே ‘பிரின்ட் நடக்குது’ என்று ஒரு அட்டையை மாட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று காட்டிவிட்டு உள்ளே போங்கள்.