காவிரிப் படுகையில் தூர்வாரும் பணியும் கிராம சபையின் கணக்குக் கேட்கும் உரிமையும்

முன்னுரை

உள்ளாட்சியின் வெளிப்படைத்தன்மை குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்தே தொடங்குகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே மிகுதியும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அதனினும் கருதத்தக்கது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மீண்டும் தேர்வு பெறாதவாறு விலக்கிய விதியாகும். அச்சபை நிலமுடைய பிராமணர்களின் சபை என்பதையும் மறத்தலாகாது. கணக்குக் கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே வட்டத்தினர். இன்றைய கிராம சபையோ ஊராட்சியின் வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது. ஆயினும், கணக்குத் தவறினால் நேர்வது என்ன என்பதில் பழைய சபைக்கு இருந்த தெளிவு இதற்கு இல்லை. தஞ்சாவூர் உள்ளிட்ட படுகை மாவட்டங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் தூர்வாரும் பணியைச் சான்றாகக் கொண்டு இக்குறைபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

சபையின் அதிகாரமும் அதன் எல்லையும்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 3 கிராம சபையை அமைக்கிறது. ஊராட்சியின் திட்டத்திற்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் ஒப்புதல் அளித்தல், தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்தல் ஆகியன அதன் பணிகள். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022ஆம் ஆண்டில் ஆறாக உயர்த்தப்பட்டன. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்கள் புதியனவாகச் சேர்ந்தன.

கூட்டங்களின் எண்ணிக்கை கூடியது; அதிகாரம் அவ்வாறு கூடவில்லை. ஊராட்சித் தலைவரை நீக்குவதற்கான பிரிவு 205 மாவட்ட ஆட்சியரை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற நிலையில் நிறுத்துகிறது. விளக்கம் கேட்பவர் ஆட்சியர். வட்டாட்சியர் கூட்டும் ஊராட்சி மன்றக் கூட்டம் கருத்துரைக்கிறது. கிராம சபைக்கு இந்நடைமுறையில் இடமில்லை. தலைவர் மேல்நோக்கிப் பொறுப்புடையவராகிறாரேயன்றிக் கீழ்நோக்கி அல்லர்.

இரு வாய்க்கால்கள், இரு கணக்குகள்

படுகையில் ‘ஏ’, ‘பி’ பிரிவு வாய்க்கால்களின் தூர்வாரும் பணி நீர்வளத் துறையைச் சார்ந்தது. ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்கள் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாகத் தூர்வாரப்பட்டு வந்தன. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் இப்பணிகளைக் கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தியது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் 1994 டிசம்பரில் தொடங்கிய மக்கள் விசாரணைக் கூட்டங்களில் வருகைப் பதிவேட்டை ஊரார் முன் உரக்கப் படித்த முறையே இப்பிரிவின் மூலம். ஆகவே ஒரே ஊரில், கூலியாட்கள் மண்வெட்டியால் வெட்டிய சிறு வாய்க்காலுக்குச் சபை கணக்குக் கேட்கலாம்; பொக்லைன் இறங்கிய பெரிய வாய்க்காலுக்குக் கேட்க இயலாது. பெருந்தொகை செலவாவது பின்னதில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் மட்டும் படுகை மாவட்டங்களில் ஏறத்தாழ 4,964 கி.மீ. நீளத்திற்கு ரூ.80 கோடி மதிப்பில் பணிகள் மேற்கொள்ளப்பட்டன.

நாள்காட்டியின் சிக்கல்

தூர்வாரும் பணிக்குப் பிற பொதுப்பணிகளுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு: அதன் சான்று நீரில் மறைந்துவிடும். சாலையின் கனத்தை ஓராண்டு கழித்தும் தோண்டி அளக்கலாம். வாய்க்காலில் எத்தனை அடி ஆழம் வண்டல் எடுக்கப்பட்டது என்பதை, மேட்டூர் அணை திறந்து நீர் ஓடத் தொடங்கியபின் எவரும் காண இயலாது. வடிந்தபின் பார்த்தாலோ புதிய வண்டல் படிந்திருக்கும். ஆகாயத்தாமரையையும் மேற்புல்லையும் வழித்துவிட்டுத் தூர்வாரியதாகக் கணக்கெழுதப்படுகிறது என்ற கடைமடை விவசாயிகளின் குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்று துணிய இயலாமற் போவதற்கு இதுவே காரணம்.

மரபான அணை திறப்பு நாள் ஜூன் 12. மே 1ஆம் நாள் கிராம சபைக்கும் அதற்கும் இடையே 42 நாள்கள் உள்ளன. அடுத்த சபை கூடும் ஆகஸ்டு 15இல் வாய்க்கால் நிறைந்திருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது; எனினும் விண்ணப்பத்திற்கு விடையளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. மே மாத நடுவில் விண்ணப்பித்தவருக்கு விடை வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். 2022இல் அணை மே 24ஆம் நாளே, அதாவது 19 நாள் முன்னதாகத் திறக்கப்பட்டது. முன்கூட்டிய நீர் குறுவைக்கு நன்மையே. கணக்குக் கேட்பதற்கான காலமோ அந்த அளவிற்குச் சுருங்கியது.

முன்மொழிவுகள்

பணியிடத்தில் மதிப்பீட்டுத் தொகை, நீளம், ஆழம் ஆகியவற்றைக் குறித்த விவரப் பலகை வைத்தலும் விவசாயிகள் அடங்கிய கண்காணிப்புக் குழு அமைத்தலும் மாதாந்திரக் குறைதீர் கூட்டங்களில் தொடர்ந்து எழும் கோரிக்கைகள். இவை தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. பணிக்கு முன் எடுக்கப்படும் மட்ட அளவு ஊரறியப் பதிவாகாதவரை, பின்னர் எடுக்கும் அளவோடு ஒப்பிட எதுவுமில்லை. எனவே பணிப்பட்டியலையும் முன்னளவையும் மே 1ஆம் நாள் சபையில் வைத்தல், நீர்திறப்புக்கு முன் சிறப்புச் சபை கூட்டிப் பின்னளவைப் படித்தல், அதன்பின்னரே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை வழங்குதல் என்ற வரிசை பயன் தரும். வேலை உறுதித் திட்டத்திற்கு அப்பாலும் பல துறைகளின் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கையை விரித்து மேகாலயா 2017இல் தனிச்சட்டம் இயற்றியமை இதற்கு முன்மாதிரி.

வாய்க்கால் பல ஊர்களைக் கடப்பது; ஓர் ஊரின் சபை அதை எவ்வாறு மதிப்பிடும் என்ற பொறியாளர்களின் தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பாசன எல்லையை அடியொற்றிய நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. ஆனால் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கு அவற்றில் இடமில்லை. வாய்க்காலின் ஆழம் அவர்களுக்கும் நடவு நாள்களின் எண்ணிக்கைதான். ஆதலின் அளவைச் சங்கமும் கணக்கைச் சபையும் பார்ப்பதே ஏற்புடையது.

இவ்வனைத்திற்கும் சபையைக் கூட்டுபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருத்தல் வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர்த் தேர்தல் முடியும்வரை ஊராட்சிகள் தனி அலுவலர் வசம் இருந்தன. அத்தேர்தலில் வந்தோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபின், படுகை உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் அதே நிலையை அடைந்தன. அத்தகைய காலத்தில் செலவுக்குக் கையொப்பமிடும் அலுவலரே கணக்குக் கேட்கும் சபையையும் கூட்டுகிறார்.